எழுந்தால் கறுக்கும் திரை

ஜாஸ்லினும் ரம்யாவும் பேசிக்கொள்வதில்லை. ஒட்டிப் போட்ட இரண்டு மேசைகளில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் ஜாஸ்லினுக்கு ரம்யாவிடமிருந்து ஒரு இன்வாய்ஸ் வேண்டுமென்றால் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில்தான் கேட்பாள். ரம்யா அதே குழுவில் அனுப்பிவைப்பாள். இரண்டு போன்களும் அடுத்தடுத்துச் சத்தம் போடும். இரண்டு பேரும் தலையைத் திருப்ப மாட்டார்கள்.

தூத்துக்குடி பீச் ரோட்டில் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி நடத்துகிற ஏஜென்சி அது. துறைமுகத்தில் கப்பலேறுகிற இறால், உப்பு, மருந்துக்குப் போகிற சென்னாத் தழைக்கெல்லாம் கஸ்டம்ஸ் காகிதங்களைத் தயார் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஜாஸ்லின் திரேஸ்புரத்துக்காரி. அண்ணாச்சிக்கு ஈமெயில் திறக்கவே தெரியாத காலத்திலிருந்து அங்கே இருக்கிறவள். ரம்யா போன வருஷம் வந்தவள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஜாஸ்லின் லீவு போட்டிருந்தபோது, அவள் தயார் செய்து வைத்திருந்த ஒரு கஸ்டம்ஸ் பில்லில் கண்டெய்னர் நம்பர் தப்பாக இருப்பதை ரம்யா பார்த்தாள். ஒரு போன் போட்டு ஜாஸ்லினிடம் சொல்லியிருக்கலாம். நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்கு அடுத்த மாதமே ரம்யாவுக்குப் புது சுழல் நாற்காலி வந்தது. முதுகு வலிக்கிறது என்று கேட்டாளாம், வாங்கிக் கொடுத்தாராம். இத்தனை வருஷமும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்த ஜாஸ்லினுக்கு முதுகே இல்லை போலிருக்கிறது.

இந்த நிலைமையில்தான் ஜாஸ்லினுடைய பழைய மானிட்டர் கடற்காற்றில் துருவேறி உயிரை விட்டது. அண்ணாச்சி புதிதாகப் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கிவரச் செய்தார். பெட்டியைப் பிரித்து ஜாஸ்லினே மாட்டினாள். முதலில் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டியது. மானிட்டரின் பின்பக்கப் பொத்தானை அழுத்தி, எந்த வயர் வழியாகப் படம் வருகிறது என்பதை மாற்றிக் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது. எழுத்தெல்லாம் ஊறிப்போன மாதிரி பட்டையாகத் தெரிந்தது. செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனைச் சரிசெய்தாள். கஸ்டம்ஸ் பக்கம் முழுசாக, அச்சடித்த மாதிரி வந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கறுத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்ப வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. வயரைப் பிடுங்கிச் செருகினாள். பிளக்கை வேறு துளையில் மாற்றினாள். டிரைவரைப் புதுப்பித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடை லிங்கராஜை அனுப்பினார். அவன் வந்து மேசைக்கடியில் படுத்துப் பார்த்தான், சிஸ்டத்தைத் திறந்து தூசி தட்டினான், அரைமணிநேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

“நல்லாத்தானக்கா இருக்கு. இதுல என்ன கம்ப்ளெய்ன்ட்டுன்னு என்னைய வரச்சொன்னிய?” என்று சலித்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகுதான் ஜாஸ்லினுக்கு உறைத்தது. லிங்கராஜ் இருந்த நேரம் முழுக்க ரம்யா கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போயிருந்தாள்.

ரம்யா திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் பிடிக்க எழுந்தாள். திரை கறுத்தது.

அன்று முழுக்க ஜாஸ்லின் வேலையைப் பார்க்காமல் ரம்யாவைப் பார்த்தாள். ரம்யா பிரின்டருக்கு எழுந்தாலும் பாத்ரூமுக்கு எழுந்தாலும் திரை போய் வந்தது. எல்லாத் தடவையும் இல்லை. ஆனால் கறுத்த தடவையெல்லாம் அவள் எழுந்த தடவைதான். மேசைக்கடியில் இருவருக்கும் பொதுவாகக் கிடந்த எக்ஸ்டென்ஷன் பலகையை மிதிக்கிறாளோ என்று சந்தேகப்பட்டு, ஜாஸ்லின் தன் பிளக்கைச் சுவரில் மாட்டினாள். அப்படியும் கறுத்தது. அப்படியானால் எழுந்திருக்கும்போது வேண்டுமென்றே மேசையை இடிக்கிறாள். வேறு என்னவாக இருக்க முடியும்?

குழுவில் போட்டாள்: ‘பக்கத்து டேபிள்ல இருக்கவங்க எந்திக்கும்போது என் டேபிளை இடிக்க வேண்டாம். மானிட்டர் ஆஃப் ஆகுது.’

பதில் உடனே வந்தது: ‘நான் யார் டேபிளையும் இடிக்கல.’

வெள்ளிக்கிழமை இறால் கண்டெய்னர் ஒன்றுக்குக் கடைசி நேரம். ஏற்றுமதிக்காரர் ஞானையா பில்லைக் கையோடு வாங்கிப்போக வந்து, அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்லின் எடையைத் திருத்திக்கொண்டிருந்தாள். ரம்யா எழுந்தாள். திரை கறுத்த அந்த நொடியில் ஜாஸ்லினுடைய விரல் என்டர் தட்டிவிட்டது. திரை திரும்ப வந்தபோது தப்பான எடையோடு பில் கஸ்டம்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இனி திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, அதிகாரி பார்த்து, அவர் ஒத்துக்கொண்டு... அதற்குள் கப்பல் போய்விடும்.

ஞானையா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். ஜாஸ்லின் எழுந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நான் செய்யல. இவதான். வேணும்னே இடிக்கா. எத்தன நாளா சொல்லுதேன்! ஏளா, மனசாட்சி இருக்கா ஒனக்கு? எம்மேல உள்ள கோவத்த கப்பல்லயா காட்டுவ?”

ரம்யா அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். “நான் மேசையத் தொடவே இல்ல அண்ணாச்சி. சத்தியமா தொடல.”

“தொடாமத்தான் நீ எந்திக்கும்போதெல்லாம் கறுக்குதாக்கும்? லிங்கராஜ் வந்தப்ப நீ இல்ல. அப்ப மட்டும் ஏன் கறுக்கல? சொல்லு!”

அதற்கு ரம்யாவிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவள் குற்றவாளி என்று அந்த அறை தீர்மானித்துவிட்டது. அண்ணாச்சிக்கு முதலில் ஞானையாவைச் சமாதானப்படுத்தியாக வேண்டும்.

“ரம்யா, நீ ஒஞ்சாமான எடுத்துக்கிட்டுப் பின்னால ஸ்டோருக்குப் போ. இனும அங்கன இருந்து வேலையப் பாரு.”

ஸ்டோரில் ஏசி கிடையாது. பழைய ஃபைல் கட்டுகளும் பாத்ரூம் வாடையும்தான். ரம்யா தண்ணீர் பாட்டிலையும் போன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டாள். சுழல் நாற்காலி அட்டைப்பெட்டிகளுக்கிடையில் நுழையவில்லை. ஜாஸ்லினுடைய இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஜாஸ்லினைக் கடந்து போகும்போது ரம்யா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஜாஸ்லினுக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஜாஸ்லின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு பொருந்திக்கொண்டது. திரை அசையாமல் நின்றது. “பாத்தியளா அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு கோளாறும் இல்ல” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு பிரின்டரில் இருந்து காகிதம் எடுப்பதற்காக எழுந்தாள்.

திரை கறுத்தது.

திரை திரும்ப வந்ததும் மெதுவாக உட்கார்ந்தாள். நாற்காலியை மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், சட்டென்று எழுந்தாள். ஒன்றுமில்லை. இன்னொருமுறை எழுந்தாள். கறுத்தது.

கூகுளில் தேடினாள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதையே புலம்பியிருந்தார்கள். நாற்காலியை ஏற்றி இறக்குகிற கேஸ் குழாய்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர் எழும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்பொறி வெடிக்கிறது. மட்டமான வயராக இருந்தால் அதை இழுத்துக்கொள்ளும். மானிட்டர் ஒரு நொடி தடுமாறும். நல்ல வயர் மாற்றினால் சரியாகிவிடும்.

மாதாவே, என்றாள் வாய்க்குள்.

அன்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலியை அண்ணாச்சியின் அறை மூலைக்குத் தள்ளிவிட்டு, வாட்ச்மேனுடைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். “அதுல முதுகு ஒத்துக்கல அண்ணாச்சி” என்றாள். அவர் தலையை ஆட்டினார். சனி போனது, ஞாயிறு பூசையில் நின்றாள், திங்கள் வந்தது. ஸ்டோரிலிருந்து ரம்யா தும்முகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஃபைல் தூசி. ஒவ்வொரு தும்மலுக்கும் ஜாஸ்லினுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இவள் ஏன் நம்மை இப்படிச் செய்கிறாள் என்கிற மாதிரி. அந்த எரிச்சல் நியாயமில்லை என்று தெரிந்தபோது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் ஸ்டோர் வாசலில் போய் நின்றாள். ரம்யா டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

“ரம்யா, ஒன் மேல தப்பு இல்ல” என்றாள் ஜாஸ்லின். “அந்த நாற்காலிதான்.”

“தெரியும்.”

ஜாஸ்லினுக்குப் புரியவில்லை.

“சனிக்கிழமையே தெரியும். இங்கன இருந்து ஒங்க திரை நல்லாத் தெரியுது. நீங்க எந்திச்சீங்க, கறுத்துச்சு. உக்காந்து உக்காந்து எந்திச்சுப் பாத்தீங்க. அப்புறம் நாற்காலியத் தள்ளிக்கிட்டுப் போய் ஒளிச்சீங்க.” ரம்யா ஒரு வாய்ச் சோற்றை எடுத்தாள், வைத்துவிட்டாள். “நாளைக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். இப்பவும் ஆளில்லாத நேரமாப் பாத்துத்தான வந்திருக்கீங்க?”

அக்கா என்று கூப்பிடுவாள் முன்பெல்லாம். அது எங்கேயும் வரவில்லை.

“நீ மட்டும் அன்னைக்கு எங்கிட்டச் சொன்னியாளா? நேரா அண்ணாச்சிகிட்டத்தான போன?” என்றாள் ஜாஸ்லின். சொல்ல வந்தது அது இல்லை.

“ஒங்களுக்கு மூணு தடவ போன் அடிச்சேன். கொட்டுச் சத்தத்துல எடுக்கல போல. கப்பலுக்கு நேரமாச்சு, சொன்னேன். நீங்க தப்புப் பண்ணுனது நெசம். நான் மேசைய இடிச்சது பொய்யி. ரெண்டும் ஒண்ணா?”

ஜாஸ்லின் திரும்பி நடந்தாள். போனை எடுத்துப் பார்க்கவில்லை. அந்த அழைப்புகள் திருவிழா அன்றைக்கே சப்பரத்துக்குப் பின்னால் நிற்கும்போது வந்தவை என்பதும், ஆபீஸ் நம்பர் என்று தெரிந்தேதான் எடுக்காமல் விட்டோம் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சாயங்காலம் அறையில் எல்லோரும் இருந்தார்கள். வேறொரு சரக்கு விஷயமாக ஞானையாவும் வந்திருந்தார், இன்னும் முகம் கடுத்தபடி. ஜாஸ்லின் சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து தன் மேசைக்கு முன்னால் போட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். இரண்டாவது தடவையில் திரை கறுத்தது.

“அண்ணாச்சி, ரம்யா மேசைய இடிக்கல. இந்த நாற்காலியும் அந்த வயரும்தான் காரணம். சனிக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். வெள்ளிக்கிழம பில்லு போனது என் கையாலதான்.”

குரல் அவளுக்கே கேட்கவில்லை போலிருந்ததால் இன்னொருமுறை சொன்னாள்.

ஞானையா, “நல்லா இருக்கு ஒங்க ஆபீசு! நாற்காலி கண்டெய்னர நிறுத்துமாக்கும்!” என்றார். அண்ணாச்சிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. ஆள் முன்னால் கத்த முடியாமல் மேசைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். “ஒன்னிய நம்பி ஒரு பிள்ளையப் பாத்ரூம் பக்கத்துல உக்கார வச்சேன் பாரு, என்னியச் சொல்லணும்” என்றார் கடைசியில். லிங்கராஜுக்குப் போன் போட்டு நல்ல வயரோடு வரச் சொன்னார். பிறகு பின்பக்கம் பார்த்து, “ரம்யா, நீ இங்கன வந்து உக்காரும்மா” என்றார்.

ரம்யா வாசலில் வந்து நின்றாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. நான் அங்கனயே இருந்துக்கிடுதேன். ஃபைலயெல்லாம் எடுத்துட்டு ஒரு ஏசி மட்டும் போட்டுத் தாங்க.”

“ஏன், அதான் அவ ஒத்துக்கிட்டாளே?”

“ஒத்துக்கிட்டாங்க. அதுக்காவ பக்கத்துல உக்காரணுமா?”

ஜாஸ்லின் அவளைப் பார்த்து, “ரம்யா, மன்னிச்சிரு” என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

“இப்ப முடியாது” என்றாள் ரம்யா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லிங்கராஜ் வந்து வயரை மாற்றிக் கொடுத்தான். மானிட்டருக்கு அதன் பிறகு ஒரு குறையும் வரவில்லை. பக்கத்து மேசையை எடுத்து அந்த இடத்தில் தண்ணீர் கேனை வைத்தார்கள். ஸ்டோருக்கு ஏசி வர மாதக் கடைசி ஆனது. அதுவரைக்கும் உள்ளேயிருந்து தும்மல் கேட்டது. ஜாஸ்லின் தலை நிமிராமல் பில் அடித்துக்கொண்டிருந்தாள்.