சரிசமமாக விழுந்த ஓட்டு

எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது காலனிக்காரர்கள் பேச்சிமுத்துவைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினார்கள். வாடிப்பட்டி அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். நாலு பேர் முன்னால் நின்று பேசக் கூச்சப்படாதவன். காலனிக்கு வேண்டியிருந்ததெல்லாம் சுடுகாட்டுக்கு ஒரு பாதை. இடையில் கிடந்தது ஊர்க்காரர்களின் வயல்; வரப்பில் பாடை போக விடமாட்டார்கள். மழைக்காலத்தில் யாராவது செத்தால் வாய்க்காலுக்குள் இறங்கித்தான் கொண்டுபோக வேண்டும். முந்தின வருசம் பேச்சிமுத்துவின் அப்பனைத் தூக்கிப்போனபோது பாடை சரிந்து, அவர் தலை தண்ணீரில் முங்கி எழுந்தது. அதற்காகத்தான் நிற்கச் சம்மதித்தான்.

எதிர்த்து நின்றவர் மொக்கையன். வயல்களில் பாதி அவருடைய பங்காளிகளுடையது. கோயில் தகராறில் ஊர் ரெண்டு பட்டுக் கிடந்ததால் அங்கேயும் ஒரு பகுதி அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

எண்ணி முடித்தபோது இருவருக்கும் சரிசமமாக இருந்தது. மறுபடி எண்ணினார்கள். அப்படியேதான் இருந்தது.

வெளியே காலனிச் சின்னக்கருப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஓட்டுப் போடத்தான் மதுரையிலிருந்து கிளம்பியிருந்தான். சமயநல்லூரில் பஸ் பஞ்சராகி, வந்து சேர்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

"நான் என்னண்ணே செய்ய?" என்றான்.

மொக்கையனுக்கும் அப்படி ஒரு ஓட்டுப் போயிருந்தது. அவர் கொழுந்தியாவுக்கு அன்றைக்குக் காலையில்தான் பிரசவ வலி கண்டது.

"சட்டப்படி குலுக்கல்தான். ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்று அதிகாரி கேட்டார்.

"சம்மதமில்லைன்னா என்ன சார் செய்வீங்க?" என்றான் பேச்சிமுத்து.

"குலுக்கல்தான்."

ரெண்டு பெயரையும் சீட்டில் எழுதி மடித்து, யாருடையதோ டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரரை எடுக்கச் சொன்னார்கள். அவர் எந்த ஊர்க்காரரோ. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"மொக்கையன்" என்று வாசித்தார் அதிகாரி.

மொக்கையனே கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றார். வெளியே வெடி வெடித்தது. பிரச்சாரம் முழுக்க அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுப் பழகியிருந்த பேச்சிமுத்து, "வாரேங்கய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுதான் வழியெல்லாம் அவனை அறுத்தது.

"அந்தப் போலீஸ்காரர் கை ஒரு விரக்கடை தள்ளிப் போயிருந்தா..." என்றான், வீட்டுக்கு வந்து.

"போகலையே" என்றாள் அவன் பெண்சாதி சுந்தரம்மாள். "சாப்பிடு."

தப்பு யார் மேலாவது இருந்தால் சண்டையாவது போட்டிருப்பான். பஸ் டயரோடும் டிபன் டப்பாவோடும் எப்படிச் சண்டை போடுவது?

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. காலனியில் முனியாயி செத்துப்போனாள். நடக்கமாட்டாத அந்தக் கிழவியை நாற்காலியில் தூக்கிப்போய்த்தான் ஓட்டுப் போட வைத்திருந்தார்கள். பேச்சிமுத்து மொக்கையனிடம் போனான்.

"இன்னைக்கு ஒருநா வரப்புல போயிக்கிறோம். வாய்க்கா நெறஞ்சு போகுது."

மொக்கையன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மனசில்லாம இல்ல பேச்சிமுத்து. பங்காளிக ஒத்துக்கிற மாட்டாங்க. நானே ஒரு சீட்டுல வந்தவன். என் பேச்சுக்கு எம்புட்டு மதிப்பு இருக்கும்னு நெனைக்கிற?"

அவர் சொன்னது பொய்யில்லை என்பது பேச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாமல் திரும்பினான்.

வாய்க்காலில் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் ஓடியது. முன்பக்கத் தோள் பேச்சிமுத்துவுடையது. நடுவில் இழுப்பைச் சமாளித்துவிட்டார்கள். எதிர்க்கரையில்தான் காலூன்ற முடியவில்லை. சேறு வழுக்கி வழுக்கி விட்டது. பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எல்லாரும் தண்ணீருக்குள்ளேயே நின்றார்கள்.

"தண்ணி கொஞ்சம் எறங்கட்டும்" என்றான் பேச்சிமுத்து.

"எப்பண்ணே எறங்கும்?" என்று பின்னாலிருந்து சின்னக்கருப்பன் கேட்டான்.

வடக்கே சிறுமலைப் பக்கம் இன்னும் கறுத்துக்கொண்டுதான் இருந்தது.