ஒரு நெல்லளவு ஆட்டம்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் காரின் பொனற்றைத் திறந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது. ஆனால் என் கணவர் லோறன்சுக்கு வந்த கோபத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

அந்த ஏ-40 கார் அவருடைய உயிர். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும். அதில் ஏறி இறங்கியவர்களின் உடுப்பு தோய்த்த பிறகும் விளக்கு வாசம் அடிக்கும். எங்கள் சிலாவத்தையில் எந்தக் கல்யாணம், எந்தப் பிள்ளைப்பேறு என்றாலும் அதுதான் போகும். சுசிலாவின் சமையல், அதுதான் என் சமையல், சரியில்லை என்று யாராவது சொன்னால் என் கணவர் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பார். காரைச் சொன்னால் சொன்னவரின் வீட்டுப் படியே மிதிக்கமாட்டார்.

அன்று ஞாயிறு. பூசை முடிந்த கையோடு அவரே ஒட்டுசுட்டானுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்தார். மாப்பிள்ளை துசியந்தனுக்கு அங்கே கார் திருத்தும் கராச்சில் வேலை. கூட வந்தவர் அவனுடைய பெரியம்மா கலிஸ்ரா, தாயில்லாத அவனை வளர்த்தவர். எங்கள் மகள் டிலுசா அவனைக் கோயில் திருநாளில் ஏற்கெனவே கண்டிருக்கிறாள். "அம்மா, எனக்கு ஓம்" என்று முதல்நாளே குசினிக்குள் வந்து என் காதில் சொல்லிவிட்டாள். இனித் தகப்பன் ஓம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

டிலுசா தேத்தண்ணீரோடு வந்தபோது மாப்பிள்ளையின் கதிரை காலி. அவன் முற்றத்து வேப்பமரத்தடியில், காருக்குள் தலையை விட்டபடி நின்றான்.

"என்ன தம்பி தேடுறீர்?" கேட்டுக்கொண்டே லோறன்ஸ் முற்றத்தில் இறங்கினார்.

"ஐயா, டைனமோக் கப்பி ஆடுது. வரேக்கையே சத்தம் கேட்டது."

"எல்லாக் கப்பியும் கொஞ்சம் ஆடும்தான்."

"ஓம், ஒரு நெல்லளவு ஆடலாம். இது ஒரு விரல் ஆடுது ஐயா. பெல்ட்டைத் தின்னுமே. கடைசியா எப்ப பெல்ட் மாத்தினனீங்கள்?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. பெல்ட் என்ற சாமான் அப்போது வன்னிக்குள் வருவதே இல்லை, வவுனியாவில் ஆமிக்காரர் மறித்துவிடுவார்கள். அறுந்ததும் ஒட்டியதும் தைத்ததுமாகப் பழைய பெல்ட்டுகள் எங்கள் வீட்டுக் கோடியில் செத்த பாம்புகள் மாதிரிக் கிடந்தன. ஒவ்வொன்று அறும்போதும் லோறன்ஸ் பெல்ட்டைத்தான் திட்டுவார், காரை அல்ல.

"கலிஸ்ரா அக்கா, எழும்புங்கோ. கொண்டுபோய் விட்டிட்டு வாறன்" என்றார் அவர். "காரிலை குறை பிடிக்கிறவன் நாளைக்கு என்ரை பிள்ளையிலையும் குறை பிடிப்பான். இது சரிவராது."

கலிஸ்ரா அக்கா கடித்த பணியாரத்தை விழுங்கவும் தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு ஆம்பிளைகளையும் அந்த ரேடியேற்றருக்குள் போட்டு அவித்திருப்பேன்.

தேத்தண்ணீர்த் தட்டை என்னிடம் தந்துவிட்டு டிலுசா முற்றத்தில் இறங்கினாள். "அப்பா, எவ்வளவு ஆடுதெண்டு பார்ப்பம். பார்த்திட்டுக் கொண்டுபோய் விடுங்கோ."

"சோக்கட்டி இருக்கோ?" என்று துசியந்தன் அவளிடம் கேட்டான். அவன் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான். பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவளிடம் சோக்கட்டிக்கா பஞ்சம்?

லோறன்ஸ் முறைத்துக்கொண்டே எஞ்சினை ஸ்ரார்ட் செய்தார். துசியந்தன் சோக்கட்டியை அசையாமல் பிடித்து, சுழலும் கப்பியின் விளிம்புக்கு மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுபோனான். நேராக ஓடுகிற கப்பியென்றால் சுற்றிவர வெள்ளைக் கோடு விழ வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கீறல், மற்றப் பக்கம் கறுப்பு.

அவன் கப்பி மாட்டியிருக்கும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "தண்டு ஆடேல்லை. பேரிங் நல்லம். கப்பிதான் சரிஞ்சு நிக்குது. கழட்டிப் பார்க்கட்டோ?"

டிலுசாவே ஸ்பானரை எடுத்து நீட்டினாள். நட்டைக் கழற்றிக் கப்பியை இழுத்ததும், கப்பிக்கும் தண்டுக்கும் நடுவிலிருந்து மடித்த தகரத் துண்டு ஒன்று விழுந்தது. பால்பேணித் தகரம்.

"இதை ஆர் வைச்சது?" என்று துசியந்தன் கேட்டான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது காருக்கு ஊற்ற ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. விட்டுவிட்டுப் போகும் காரை வேறு யாரும் ஓட்டிப் போகாதபடி லோறன்ஸ் கப்பியைக் கழற்றிப் பனங்கூடலுக்குள் தாட்டார். கப்பி இல்லாவிட்டால் பெல்ட் ஓடாது, எஞ்சின் கொதித்து நின்றுவிடும். ஊரில் வாகனம் வைத்திருந்த எல்லோரும் அப்படி ஏதாவது ஒன்றைத் தாட்டுவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்து தோண்டியபோது கப்பி கிடைத்தது, அதைத் தண்டோடு இறுக்குகிற சின்ன இரும்பு ஆப்பு மணலோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக அவர் ஒருபக்கம் தகரத்தைச் செருகி ஓட்டத் தொடங்கினார்.

"நான்தான் வைச்சனான்" என்றார் லோறன்ஸ். "ஆடுதெண்டு எனக்குத் தெரியாதோ? காலமை உங்களைக் கூட்ட வரேக்கை முள்ளியவளையிலை ஒருக்கா நிண்டிட்டுது. அந்த ரோட்டிலை நிண்டு யோசிச்சனான். பிள்ளையை ஒட்டுசுட்டானிலை குடுத்தால் இந்தக் காரோடை எத்தினை தரம் போய்ப் பார்க்கேலும்? பஸ்ஸும் நினைச்ச நேரம்தான் வரும். எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை."

கார்ப் பைத்தியம் என்று அந்த மனுசனை மனதுக்குள் எவ்வளவு திட்டிவிட்டேன்.

துசியந்தன் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. "ஒரு அரம் இருக்கோ மாமா?" என்று மட்டும் கேட்டான்.

ஐயா மாமாவானதைக் கவனிக்காத மாதிரி லோறன்ஸ் அரத்தை எடுத்து வந்தார். பிறகென்ன, மாமனும் மருமகனும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தினார்கள். தடித்த ஆணி ஒன்றை அராவி ஆப்பாக்கினார்கள். தகரத்தை மெல்லியதாக வெட்டி, தண்டைச் சுற்றிவர ஒரே தடிப்பில் சுற்றினார்கள். "நாங்கள் பொம்பிளை பார்க்க வந்தனாங்களோ, கார் பார்க்க வந்தனாங்களோ" என்று சொல்லிக்கொண்டே கலிஸ்ரா அக்கா பணியாரத் தட்டைக் காலி செய்தார். பொம்பிளையோ நட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

மறுபடி எஞ்சின், மறுபடி சோக்கட்டி. இந்தத் தடவை கோடு சுற்றிவர விழுந்தது, ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் மெலிந்து.

"இன்னும் ஒரு நெல்லளவு ஆடுது" என்றார் லோறன்ஸ்.

"அது ஆடட்டும் மாமா. அவ்வளவும் பாதகமில்லை."

லோறன்ஸ் துணியில் கையைத் துடைத்தார். அதே துணியால் கண்ணையும் துடைத்ததில் முகமெல்லாம் கிறீஸ். "தம்பி, இதை இனி மாசத்துக்கு ஒருக்காவாவது உம்மட்டைக் கொண்டுவந்து காட்ட வேணுமோ?"

"தேவையில்லை மாமா. இது இனி வருசக்கணக்கிலை ஓடும்."

"காட்டத்தான் வேணும்" என்றாள் டிலுசா. "ஒவ்வொரு ஞாயிறும் கொண்டு வாங்கோ அப்பா."

துசியந்தன் அவளைப் பார்த்தான், பிறகு லோறன்சின் கிறீஸ் முகத்தைப் பார்த்தான்.

"ஓம் மாமா" என்றான். "ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தால்தான் நல்லது."