காலியாக இருந்த கார்டு

செல்போன் கடைக்கார அம்மா என் போனைத் திருப்பி என் பக்கம் காட்டினார். திரையில் நீளமாக ஒரு பட்டை, அதில் நான்கைந்து நிறங்கள். அதற்குக் கீழே இன்னொரு பட்டை. அது முழுக்கச் சாம்பல் நிறம், ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பச்சை.

"மேல இருக்கறது போனோட சொந்த இடம். கீழ இருக்கறது நீங்க போட்ட மெமரி கார்டு. இது வேற, அது வேற. கார்டுல நாப்பது பாட்டு இருக்கு, அவ்வளவுதான்."

"நல்லா பாருங்கம்மா. கார்டு போட்டா எல்லாம் அதுக்குப் போயிடும்தானே? முப்பத்திரண்டு ஜிபி."

"நாம அனுப்பினாத்தான் போகும், ஐயா. எடுக்கற வீடியோவை எங்க வைக்கணும்னு கேமராவுக்குச் சொல்லணும். கார்டு போட்ட அன்னிக்கே அது உங்களைக் கேட்டிருக்குமே?"

கேட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'சேமிக்கும் இடத்தை மாற்றவா?' நன்றாக இருப்பதை மாற்றுவானேன் என்று 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் மகளுடைய பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்து கற்றவன் நான். கோடவுனில் மூட்டை தூக்கும் பதினாறு பேரில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படிப்பட்டவன் ஒரு போனைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போய் நிற்பதா என்ற வீம்பு.

ஒட்டடை என் கூட்டாளி. ஒட்டடைக் குச்சி போல நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். சரக்கு லிஃப்டின் இரும்புக் கயிற்றில் இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்ததை இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன்தான் முதலில் பார்த்தான்.

"வீடியோ எடுத்து வைண்ணே. நாளைக்கு நாமதான் பிச்சுட்டோம்னு சொல்லுவாங்க."

"ஏன், உன் போன்ல எடுக்கறதுதானே?"

"உனக்கு முப்பத்திரண்டு ஜிபி. எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ஜிப்பு, அதுவும் ரிப்பேர்."

சிரித்துக்கொண்டே எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வந்தார். கயிற்றைக் காட்டினோம். "ஓடுற வரைக்கும் ஓடட்டும், போய் வேலையைப் பாருங்க" என்றார். அவர் குரலும் அதில் விழுந்தது.

அப்புறம் ஒரு நாள், வருகைப் பதிவை இனிமேல் போனில்தான் போட வேண்டும், செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. என் போன் இடம் போதவில்லை என்றது. எது எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். எனக்கு அது கோடவுன் கணக்காகத்தான் புரிந்தது. சிஸ்டம் என்பது முதலாளியின் ஆபீஸ் அறை. பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், நாம் கை வைக்க முடியாது. மற்றதெல்லாம் முன்னறை, கார்டு பின்னறை. லாரியிலிருந்து சரக்கு முன்னறையில் இறங்கும், சாயங்காலத்துக்குள் பின்னறைக்குப் போய்விடும், மறுநாள் காலை முன்னறையைக் கூட்டிப் பெருக்குவோம். கூட்டுகிறவனுக்குப் பயமே இருக்காது. அப்படித்தான் வீடியோ என்று இருந்த அத்தனையையும் கூட்டித் தள்ளினேன். யார் அந்தச் சரக்கைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனது என்று, தூக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் கயிறு அறுந்தது. ஒட்டடை சரக்கோடு ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு போய்விட்டது. மறுநாளே புதுக் கயிறு மாட்டிவிட்டு, அவன்தான் அளவுக்கு மீறி ஏற்றினான் என்று எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவியிடம், "கவலைப்படாதம்மா, வீடியோ எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்றேன். பத்திரமாக இருப்பதை எதற்கு எடுத்துப் பார்ப்பது? நாளைக்கு விசாரணை. அந்தத் தகவல் வந்த பிறகு, நேற்றுதான் தேடினேன்.

"அழிச்சது முப்பது நாள் குப்பைத் தொட்டியில கிடக்கும்" என்றார் கடைக்கார அம்மா. "நீங்க அழிச்சு முப்பத்து நாலு நாள் ஆச்சு. போன வாரம் வந்திருந்தா ஒரு நிமிஷ வேலை. இனி எனக்குத் தெரிஞ்சு வழி இல்ல, ஐயா."

நாலு நாளுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தபடியே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த நாற்பது பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒட்டடை மல்லாந்து கிடந்தான். அவன் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து, உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்குத் தள்ளினாள்.

"பாரு, அண்ணன் வந்துட்டாரு. காட்டுங்கண்ணே. அந்த சூப்பர்வைசரு பேசினதும் அதுல இருக்காமே?"

சொன்னேன். கார்டு, முன்னறை, முப்பது நாள், பாட்டு எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல, காரணம் அடுக்குகிறேன் என்று எனக்கே பட்டது. நிறுத்திக்கொண்டேன். "அழிச்சது நான்தாம்மா."

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கட்டிலிலிருந்து ஒட்டடை கேட்டான்:

"பாட்டெல்லாம் பத்திரமாண்ணே?"

கேலியா, கோபமா? அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க கண்ணால பாத்தீங்கள்ல?" என்றாள் அவள். "அந்த ஆளு சொன்னதையும் காதால கேட்டீங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே."

வீடியோ இருந்திருந்தால், யார் எடுத்தது என்று சொல்லாமலே கொடுத்திருக்கலாம். என் கையெழுத்தோடு ஒரு காகிதம் விசாரணை மேசைக்குப் போனால், அடுத்த நாள் காலை கேட்டிலேயே என்னை நிறுத்திவிடுவார்கள். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஒட்டடையின் மனைவிக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கட்டிலை ஒட்டியிருந்த சின்ன அலமாரியின் மேல் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தாள்.

மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. அவள் மருந்துப் புட்டியை எடுத்து ஒரு மூலையில் வைத்தாள். மறு மூலை படபடத்துக்கொண்டே இருந்தது. நான் அதன்மேல் கையை வைத்தேன். வியர்வையில் தாள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.