அடுத்தவர் மனம்

செல்லக்கனி பட்டப்படிப்பில் சேர்ந்ததே ஊருக்குத் திரும்பிப் போவதற்காகத்தான். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில், அசெம்பிளி லைனில் நின்று செய்யும் வேலை அவளுக்கு. கணவன் பிரிந்துபோன பின், நான்கு வயது மகள் கவியாவைக் கோவில்பட்டியில் அக்கா மாரிசெல்வியிடம் விட்டுவிட்டு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் வேறு இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒரு டிகிரி இருந்தால் ஊர்ப் பக்கமே ஏதாவது வேலைக்கு எழுதிப் போடலாம் என்று அஞ்சல்வழியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்குவார்சத்திரத்தில், மருந்துக்கடை மாடியில் வகுப்பு.

முதல் பருவத்திலேயே ‘மெய்யியல் அறிமுகம்’ என்று ஒரு தாள் இருந்தது. பாடம் எடுத்த மதிவதனிக்குச் செல்லக்கனியின் வயதுதான் இருக்கும். இப்போது நாம் காண்பது கனவில்லை என்று எப்படித் தெரியும், இந்த மேசை நாம் பார்க்காதபோதும் இருக்கிறதா என்றெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்த வாரங்களில், ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த செல்லக்கனிக்குக் கண்ணைச் சுழற்றியது.

அடுத்தவர் மனம் என்ற பாடம் வந்த அன்று மட்டும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நமக்கு வலிச்சா நமக்குத் தெரியும். அடுத்தவங்களுக்கு வலிக்குதான்னு உள்ள போய்ப் பார்க்க முடியாது. பேச்சு, முகம், செய்கை, இதையெல்லாம் வெச்சு ஊகிக்கிறோம், அவ்ளோதான்” என்றாள் மதிவதனி.

“சின்னப் பிள்ளையளுக்கு மனசுல உள்ளதைச் சொல்லத் தெரியாதுல்லா மேடம். அதுக மனசை எப்பிடி ஊகிக்க?” என்று கேட்டாள் செல்லக்கனி.

“யாரைப் பத்திக் கேக்குறீங்க?”

“எம் மகளைப் பத்தித்தான். தினமும் வீடியோ கால் போடுதேன். அவ என்னையப் பாக்க மாட்டேங்கா. போன்ல மூலையில தெரியுத தன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா. அவ என்னைய நினைக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்.”

மதிவதனி கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். “புஸ்தகத்துல கேள்விதான் இருக்கு செல்லக்கனி. எங்க வூட்டுக்காரர் பக்கத்துலயே உக்காந்துகினு இருக்காரு, அவர் மனசுல இன்னா ஓடுதுன்னே எனக்குத் தெரியல” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மதிவதனி சிரிக்கவில்லை.

ஆவணியில் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த மாரிசெல்வி, கவியாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பகல் பிள்ளைப்பாக்கம் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் குழந்தை பெரியம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. செல்லக்கனி நீட்டிய கை அப்படியே நின்றது.

“அம்மா, தண்ணி” என்று கவியா மாரிசெல்வியிடம்தான் கேட்டாள். மாரிசெல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. “நானா சொல்லிக் குடுக்கல கனி” என்றாள்.

“இருக்கட்டும்க்கா. குடு.”

மத்தியானம் வரை குழந்தை மடிக்கு வரவில்லை. செல்லக்கனி பொரித்துவைத்த அப்பளத்தை மட்டும் தள்ளி உட்கார்ந்து தின்றது. சாப்பாடு முடிந்து அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கையில், ஆணியில் மாட்டியிருந்த கம்பெனித் தொப்பியை எட்டி எடுத்துக் கவியா தலையில் போட்டுக்கொண்டாள். துணி கிளிப்புகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்தாள்.

“ஏட்டி, என்ன செய்யுத?” என்றாள் மாரிசெல்வி.

“பேசாதிய. லைன்ல நிக்கேன். பெறவு கூப்பிடுதேன்.”

செல்லக்கனி போனில் சொல்லும் சொற்கள், அவள் சொல்லும் அதே அவசரத்தோடு.

“வீட்டுலயும் இதே வெளாட்டுதான்” என்றாள் மாரிசெல்வி.

செல்லக்கனி தரையில் தவழ்ந்து அருகில் போனாள். “யாரு மாதிரி வெளாடுத கவி?”

“அம்மா மாதிரி.”

“எந்த அம்மா?”

குழந்தை முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தது. “போன் அம்மா.”

செல்லக்கனி எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இது நினைப்பா, வெறும் கிளிப்பிள்ளைப் பேச்சா? எப்படி எடுத்துக்கொண்டாலும் நெஞ்சு ஆறவில்லை.

சாயங்காலம் தாம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்த கவியா கீழே நின்றவளைப் பார்த்து, “நீ ஏறலையா?” என்றாள்.

“எனக்கு டூட்டி இருக்கும்மா.”

குழந்தை தன் உடம்பைச் சுருக்கி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது. பெரியம்மாவுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. “கிட்ட வந்து உக்காரு” என்று மாரிசெல்வி இழுத்தும் அது அசையவில்லை. பஸ் அந்த வெற்றிடத்தோடு புறப்பட்டது. செல்லக்கனி அடுத்த தாம்பரம் பஸ் வந்து போகும்வரை அங்கேயே நின்றாள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முதல் ஆளாக வந்தாள். மனிதன் தானாக எதையும் முடிவு செய்கிறானா என்பது அன்றைய பாடம். மதிவதனி பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“மேடம், இந்தப் படிப்பைக் கோவில்பட்டி சென்டர்ல இருந்து முடிக்கலாமா?”

“முடிக்கலாம். ஏன், அங்க வேலை கெடைச்சிடுச்சா?”

“இல்ல. போயித்தான் தேடணும்” என்றாள் செல்லக்கனி.