மறு குரல்

கருத்தரிப்பு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அவளை எல்லோரும் ஐஸ்காரம்மா என்றுதான் சொல்வார்கள். தலைமை டாக்டரே ஒருமுறை நோயாளிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் ஐஸ் விற்பவள் இல்லை. உறைய வைத்த கருக்களுக்குக் காவல். இடுப்பு உயரத்தில் ஆறு எஃகுத் தொட்டிகள், அவற்றுக்குள் திரவ நைட்ரஜன், அதில் முங்கிக் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு கரு, உப்புக்கல்லைவிடச் சிறியது. காலையில் வந்ததும் தொட்டி தொட்டியாக அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் ஆட்டி, எதுவரை வெள்ளையாகப் பனி படிகிறது என்று பார்ப்பாள்; அதுதான் உள்ளே இருக்கும் நைட்ரஜனின் மட்டம். பதினெட்டு வருடத்தில் காய்ச்சல் வந்த நாளில்கூட அந்த வேலையை அவள் இன்னொருவரிடம் விட்டதில்லை. விட்டால் சரியாகச் செய்ய மாட்டார்கள் என்பது அவள் கட்சி. வேலைத் திறமையும் கோபமும் அவளுக்கு ஒரே அளவில் உண்டு.

அந்த மாதம் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. காரணம் அவள் கூடப்பிறந்த தம்பி.

தம்பி போதகர். ஊரின் தெற்குப் பக்கத்தில் ஒரு நடுத்தரமான சபை, ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வருவார்கள். நல்ல குரல், இனிமையான சுபாவம், யார் வீட்டில் துக்கமென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஏழு வயதில் ஒரு மகள். அந்தக் குட்டி இந்த மூன்றாம் மாடியில் உருவானவள் என்பது சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. கடவுள் காலம் கடந்து கொடுத்தார் என்று சாட்சி சொன்னதோடு சரி. அன்று உருவான கருக்கள் மூன்று. ஒன்று குட்டி ஆயிற்று. மற்ற இரண்டும் எட்டு வருடமாக நான்காம் தொட்டியில் இருந்தன.

மருத்துவமனையின் விதிப்படி மிச்சமான கருக்களை ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். வேண்டுமானால் ஒரே ஒருமுறை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கலாம். அதைத் தம்பி எப்போதோ நீட்டித்தாயிற்று. இனி படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் மிச்சம்: வேறொரு தம்பதிக்குக் கொடுப்பது, வெளியே எடுத்துக் கரைய விடுவது, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது. கடைசிக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சட்டம் அனுமதித்தால் மட்டுமே கொடுக்கப்படும், அதுவரை இரண்டு வருடம் தொட்டியிலேயே இருக்கும் என்று. ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் படிவம் வராவிட்டால் வெளியே எடுத்துவிடுவார்கள். எடுப்பவள் ஐஸ்காரம்மா.

இந்தச் சமயம் பார்த்துத்தானா அரசாங்கத்துக்கும் ஞானம் வர வேண்டும்? மிச்சக் கருக்களிலிருந்து ஸ்டெம் செல் என்கிற குருத்தணுவை எடுத்து, நடுக்குவாதம் மாதிரி நோய்களுக்கு மருந்து தேடி ஆராய்ச்சி செய்ய அனுமதிக்கலாமா என்று ஒரு குழு போட்டு, ஊர் ஊராகப் பொதுக்கருத்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் சனிக்கிழமை கூட்டம். அனுமதிக்கக் கூடாது என்று பேசத் தம்பியின் பெயர் போயிருந்தது. ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று விளக்க அக்காவின் பெயரைத் தலைமை டாக்டர் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பாட்டு மேசையில் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அடுப்படியில் நின்றபடி கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிவம் எங்கடா?"

"இருக்குக்கா. அலமாரியில பத்திரமா இருக்கு."

"பத்திரமா வச்சுக்கறதுக்கா குடுத்தேன்? இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு."

"யோசிக்கிறேன்."

"எட்டு வருஷமா யோசிக்கிறே. கரைய விடறதுன்னா உனக்குக் கொலை. ஆராய்ச்சின்னா அதைவிடப் பெரிய பாவம். இன்னொருத்தருக்குக் குடுன்னா, என் பிள்ளை எவன் வீட்லயோ வளரணுமான்னு கேக்கறே. நீ எதுவுமே பண்ணலன்னா மாசக் கடைசியில நான் பண்ணணும். அந்த ரெண்டையும் என் கையால நான் வெளிய எடுக்கணும். அதை யோசிச்சியா?"

அவன் பேனாவை மூடினான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி, "எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா அண்ணி?" என்றாள். குரலில் கோபம் இல்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஐஸ்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. எட்டு வருடத்தில் அவளும்தான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை நகர மன்றத்தின் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. சபைக்காரர்கள் முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். மேடையில் குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தம்பி, இடப்பக்கம் அக்கா. இருவரும் கூடப்பிறந்தவர்கள் என்பது சபைக்குத் தெரியும். அதனால் ஒரு சுவாரசியத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி நன்றாகப் பேசினான். அதை அவள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கத்தவில்லை, யாரையும் பழிக்கவில்லை. "சின்னதா இருக்கறதால ஒரு உயிர் உயிரில்லன்னு ஆயிடாது. பேச முடியாதவங்களுக்காக யாராவது பேசணும். அந்தத் தொட்டிகள்ல ஆயிரக்கணக்குல கடுங்குளிர்ல காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க நம்ம நோய்க்கு மருந்தில்ல, நம்மள மாதிரி மனுஷங்க" என்றான். மண்டபம் அமைதியாகக் கேட்டது. அவளுக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை. கடுங்குளிரைப் பற்றிப் பேசுகிறவன் எட்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூன்றாம் மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்திருப்பானா?

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு தையல்காரர் எழுந்தார். தம்பியின் சபைதான். நடுக்குவாதம் வந்து நான்கு வருடமாக ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையை மூடியவர். இப்போதும் ஒலிவாங்கியைப் பிடிக்க முடியாமல், பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எனக்காக ஒரு உயிரை எடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ஆனா ஒரு சந்தேகம். அந்தத் தொட்டியில இருக்கறதுங்களுக்கு அப்பா அம்மா இருப்பாங்களே? அவங்க என்ன பண்ணணும்னு சொல்றீங்க?"

தம்பி தண்ணீர் குடித்தான். "அது... எல்லாரும் சேர்ந்து ஜெபத்தோட யோசிக்க வேண்டிய விஷயம்" என்று ஆரம்பித்து, சபைகளின் பொறுப்பு, சமுதாயத்தின் பொறுப்பு என்று ஐந்து நிமிடம் பூசி மெழுகினான். தையல்காரர் பணிவாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பதில் கிடைக்காத முகம் அது. தம்பிக்கும் அது தெரிந்திருக்கும்.

அடுத்து ஒரு பெண் ஐஸ்காரம்மாவைக் கேட்டாள். "இத்தனை ஆயிரம் இருக்கே, ஒருத்தங்களோடது இன்னொருத்தங்களுக்கு மாறிப்போகாதா?"

இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். உற்சாகமாக எழுந்தாள். "மாறவே மாறாது. எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. எந்தக் குச்சியைத் தொட்டாலும் ரெண்டு பேர் நிக்கணும். ஒருத்தர் அதுல இருக்கற எண்ணைச் சத்தமா வாசிக்கணும். இன்னொருத்தர் தன் கண்ணால பார்த்துட்டு அதே எண்ணைத் திருப்பிச் சொல்லணும். மறு குரல் வராம கை அசையக் கூடாது. இப்ப உதாரணத்துக்கு நான் வாசிக்கிறேன்னு வச்சுக்கங்க: நாலு, அறுபத்தொம்பது, இருபத்திமூணு, ஏழு."

சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அது உதாரணம் இல்லை. தம்பியின் எண். ஆயிரக்கணக்கான எண்களில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். எட்டு வருடமாகத் திங்கட்கிழமை தோறும் யாரும் சொல்லாமலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிற எண். ஒரு நோயாளியின் எண்ணை வெளியே சொல்வதைவிடப் பெரிய குற்றம் அவள் தொழிலில் கிடையாது. அதை முந்நூறு பேர் முன்னால் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டாள். மண்டபத்துக்கு அது வெறும் எண்தான், ஒருத்தருக்கும் எதுவும் புரிந்திருக்காது. சமாளித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. வாசித்தபின் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தே பழகிய உடம்பு, அப்படியே நின்றது.

"நாலு, அறுபத்தொம்பது, இருபத்திமூணு, ஏழு" என்றது ஒரு குரல்.

தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

நீதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. "போதகர் ஐயா, உங்களுக்கு எப்படி...?"

"அது எங்க எண்ணுங்கய்யா" என்றான் தம்பி. முன்வரிசையைப் பார்த்துத்தான் சொன்னான். "என் மகள் அந்த ஆஸ்பத்திரியில உருவானவ. அவளோட உருவான ரெண்டு பேர் இன்னும் அங்கயே இருக்காங்க. இத்தனை வருஷமா நான் உங்ககிட்ட சொல்லல. வெக்கம், வேற ஒண்ணுமில்ல. நீங்க கேட்டீங்களே, அப்பா அம்மா என்ன பண்ணணும்னு? எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி அஞ்சு நிமிஷம் பேசினதுக்கு மன்னிச்சிருங்க."

உட்கார்ந்துவிட்டான். முன்வரிசையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசி வரிசையில் அவன் மனைவி, மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அளவுகோலைத் தொடுவதற்கு முன்னால் ஐஸ்காரம்மா தலைமை டாக்டரிடம் போய்த் தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். அந்தத் தொட்டிகளை ஒரு மாதம் அவள் தொடக் கூடாது என்றார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக இளையவள் ஒருத்தி அளவுகோலைப் பிடிப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க நேர்ந்தது. இளையவள் சரியாகத்தான் செய்தாள். அதுவும் கொஞ்சம் வலித்தது.

சபையில் மூன்று குடும்பங்கள் வருவதை நிறுத்திவிட்டன என்று கேள்விப்பட்டாள். தையல்காரர் வழக்கம்போல வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாராம்.

மாதக் கடைசி நாளன்று மதியம் தம்பியும் அவன் மனைவியும் மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். தம்பி படிவத்தை நீட்டினான். கடைசிக் கட்டத்தில் டிக் இருந்தது. கீழே இரண்டு கையெழுத்து.

ஐஸ்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஆராய்ச்சிக்கா? இன்னும் ரெண்டு வருஷம் காலத்தைக் கடத்தலாம்னு பாக்கறியாடா?"

"நான் டிக் அடிக்கல. இவதான் அடிச்சா."

"நான் சுமந்தவ அண்ணி" என்றாள் அவன் மனைவி. "மூணையும் சுமக்கத் தயாரா இருந்தவ. இன்னொண்ணுக்கு என் உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்ப அழுது தீர்த்தவ. யாருக்காவது ஒரு கை நடுங்காம இருக்கும்னா அதுவே போதும்னு எனக்குத் தோணுது. இவருக்குத் தோணல. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்."

"சட்டம் வந்தாதான் இதுக்கு அர்த்தம். நீ அந்தச் சட்டம் வேணாம்னுதானே பேசறே?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஆமா. அடுத்த வாரம் பக்கத்து ஊர்லயும் பேசறேன். தொட்டியில இருக்கற எங்க ரெண்டு பேரையும் பத்தி முதல்ல சொல்லிட்டுத்தான் பேசுவேன்."

"நானும் பேர் குடுத்திருக்கேன்" என்றாள் மனைவி. "எதிர்ப்பக்கம்."

ஐஸ்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்படிப் போறீங்க?"

"ஒரே பஸ்லதான். அன்னிக்குக் குட்டியை நீங்க பாத்துக்கணும் அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இளையவளைக் கூப்பிட்டு அனுமதி வாங்கி, இருவருக்கும் தொப்பியும் காலுறையும் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். நான்காம் தொட்டியைக் காட்டினாள். தம்பி கொஞ்ச நேரம் தள்ளியே நின்றான். பிறகு அருகே போய் எஃகின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"குளிரவே இல்லையேக்கா."

"வெளிய குளிர்ந்தா தொட்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நல்லா இருக்கற வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாது."

அவன் கையை எடுக்கவில்லை. அவன் மனைவியும் பக்கத்தில் வந்து தன் கையை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கவாடா? அந்தச் சட்டம் வரணும்னு ஜெபம் பண்றியா, வரக் கூடாதுன்னு பண்றியா?"

தம்பி உள்ளங்கையை எஃகின்மேல் இன்னும் அழுத்தி வைத்தான்.

"அதை மட்டும் கேக்காதக்கா" என்றான்.

அவள் கேட்கவில்லை. இருவருக்கும் பக்கத்தில் தானும் போய் நின்றாள். தொட்டிகளைத் தொடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.