ஏழாம் நாற்காலி

பக்கவாதத்தில் கிடக்கும் கணவன் மெர்லுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிவிட்டு, மத்தியானம் வரை தங்கை பாட்சியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுத்தான் வெர்லீன் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். ஜூரியாக உட்காரக் கூப்பிட்டால் ஒஹாயோவில் வராமலிருக்க முடியாது. டாக்டர் சீட்டு அனுப்பிப் பார்த்தாள். நேரில் வந்து சொல் என்றுவிட்டார்கள்.

"போலீஸ்காரன் பொய்யே சொல்லமாட்டான்னு அடிச்சுப் பேசுக்கா. ஒருதலைப்பட்சம்னு உடனே தொரத்திடுவாங்க" என்று பாட்சி வழி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆறிப்போன காபியோடு காத்திருந்து காத்திருந்து இடுப்பு விட்டுப்போன பிறகு, ஜூரி தேர்வுக் கேள்விகளுக்காக ஏழாம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் சர்ச் பாட்டுக்குழு கிளாடிஸ், ஊர் வம்பு முழுக்க அவள் கையில். எதிரே, மருந்துக்கடையை உடைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பையன். கோட்டில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. வெர்லீன் தரையைப் பார்த்தாள்.

"உங்கள்ல யாராவது, இல்ல உங்க குடும்பத்துல யாராவது, ஜெயிலுக்குப் போயிருந்தா கையைத் தூக்குங்க" என்றார் ஜட்ஜ்.

ஊரைப் பொறுத்தவரை வெர்லீனின் மகன் ட்ரெவர் அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். ஆனால் சற்றுமுன் உண்மையே பேசுவதாகச் சத்தியம் செய்த கை இது. தூக்கினாள். கிளாடிஸின் கழுத்து சட்டென்று திரும்பியது.

ஜட்ஜ் அவளை மேஜையருகே அழைத்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஒலிபெருக்கியில் உஸ்ஸென்று ஓர் இரைச்சலை ஓடவிட்டார்கள்.

"எம் பையன், ஐயா. திருட்டுக் கேஸ். உள்ளதான் இருக்கான்."

"அதை ஒதுக்கி வச்சிட்டு உங்களால நியாயமா முடிவு சொல்ல முடியுமாம்மா?"

முடியாது என்றால் தீர்ந்தது. மெர்லுக்கு மாத்திரை கொடுக்க வீடு போய்விடலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அங்கே அந்தப் பையன் நீளமான கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். ட்ரெவருக்குத் தீர்ப்புச் சொன்ன பன்னிரண்டு பேரில் ஒருவர் வீட்டிலாவது இப்படி ஒரு பிள்ளை இருந்திருப்பானா?

"முடியும்" என்றாள். அவளுக்கே ஆச்சரியம்.

நாற்காலிக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அரசு வக்கீல் எழுந்தார். "ஏழாம் நம்பர் அம்மாவுக்கு நன்றி. அவங்க போகலாம்."

வக்கீல்கள் சிலரைக் காரணம் சொல்லாமலே விலக்கலாம், அது வழக்கம். காலையிலிருந்து வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் முகத்தில் அறைந்தாற்போலிருந்தது. முடியும் என்றுதானே சொன்னேன்?

ஜூரி அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். நடையோர பெஞ்சில் ஒருத்தி, மடியில் துணிக்கடைப் பை. ஜூரிகளோடு யாரும் பேசக்கூடாதென்பதால் காலையில் இவள் அட்டையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள். இப்போது அட்டை இல்லாத நெஞ்சைப் பார்த்தாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. பாட்சியாகத்தான் இருக்கும். வெர்லீன் எடுக்காமல் அந்தப் பெண்ணருகே உட்கார்ந்தாள்.

"உங்க பையனா?"

அவள் தலையசைத்தாள். "கோட்டு கொஞ்சம் பெரிசாப் போச்சு."

"எம் பையன் கேஸுக்கு நானும் பெரிசாத்தாங்க வாங்கிட்டேன்" என்றாள் வெர்லீன். மறைக்க இங்கே இரைச்சல் எதுவும் இல்லை. நடை முழுக்கக் கேட்டது.