வெள்ளையா, நீலமா

பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட நங்கூரம் இவ்வளவு யோசித்ததில்லை. படகுப் பட்டறைக்கு எதிரே தண்ணீரில் இரண்டு ஃபைபர் படகுகள் அடுத்தடுத்துக் கட்டிக் கிடந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். நீளமும் ஒன்றுதான், அகலமும் ஒன்றுதான், பின்னால் மாட்டியிருந்த அவுட்போர்டு எஞ்சினும் ஒரே மாதிரிதான். இரண்டுக்கும் அடிப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் கூராக இறங்கியிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் பெற்றவருக்கே அடையாளம் தெரியாது.

பெற்றவர், அதாவது பட்டறைக்காரர், வித்தியாசத்தைச் சொன்னார். “வெள்ளைக்கு அந்தக் கூர் கடைசி வரைக்கும் அப்படியே போகுது. அலையைக் கிழிச்சுக்கிட்டுப் போகும், குலுக்காது. ஆனா எஞ்சினை நிறுத்தினா ரெண்டு பக்கமும் ஆடும். நீலத்துக்குப் பின்பக்கம் கொஞ்சம் தட்டை. நின்னா அசையாது. ஓடும்போதுதான் அலைக்கு அலை தூக்கிப் போடும்.”

நங்கூரம் என்பது கூட இருப்பவர்கள் வைத்த பெயர். ஒரு பேச்சைப் பிடித்தால் அங்கேயே இறங்கி நின்றுவிடுவார், நகர்த்த முடியாது. அவருக்கும் மனைவியின் தம்பிக்கும் கூட்டுத் தொழில். நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தி, படகை நீரோட்டத்தில் மிதக்க விட்டு, ஆளுக்கொரு பக்கம் தூண்டில் போடுவார்கள். பழைய படகு நல்ல தொந்திக்காரப் படகு, ஆடாமல் கிடக்கும். அது அடியில் விரிசல் விட்டுப்போனதால்தான் இந்தத் தேர்வெல்லாம்.

மச்சினனுக்கு ஒரு கோளாறு உண்டு. நின்ற படகு ஆடினால் அவனுக்குக் குமட்டும். மீன் பிடிக்கிறவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா? விஷயம் தெரிந்த ஒரே ஆள் நங்கூரம். இதுநாள் வரை வாயைத் திறந்ததில்லை.

ஆனால் நங்கூரத்துக்கும் ஒரு கோளாறு இருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் எஞ்சினைத் தூக்கும்போது இடுப்பில் சுளீர் என்றது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, உடம்பு குலுங்கவே கூடாது என்றார். இவர் வீட்டுக்கு வந்து, “வாயுப் பிடிப்பாம்” என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு உண்மை தெரிந்தால் கடலைத் திரும்பிப் பார்க்க விடமாட்டாள். கரையில் உட்கார்ந்து போகிற படகையும் வருகிற படகையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. சாவைவிடப் பயமாக இருந்தது.

முதலில் வெள்ளையை ஓட்டிப் பார்த்தார்கள். பட்டறைக்காரர் கரையிலேயே நின்றுகொண்டார். எப்போதும் போல ஸ்டியரிங் மச்சினன் கையில்; இருக்கை இன்னும் அடிக்காததால் நின்றுகொண்டே ஓட்டினான். படகு அப்படி ஒரு சுகமாகப் போயிற்று. நங்கூரத்தின் இடுப்புக்கு அது மருந்து போட்ட மாதிரி இருந்தது. வெளியே போய் எஞ்சினை நிறுத்தியதும் படகு ஆட ஆரம்பித்தது. மச்சினன் எச்சிலை விழுங்கினான், முகம் வெளுத்தது, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வேண்டாம்டா, ஆட்டம் ஜாஸ்தி. நீலம்தான்” என்றார் நங்கூரம். இவன் தினமும் குடலைக் கக்குவதைவிட நாம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

நீலத்தில் ஏறியதும் மச்சினனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாமா எடுத்த முடிவு சரி என்று காட்ட வேண்டாமா? அலைக்கு எதிராக முழு வேகத்தில் விட்டான். நங்கூரம் முன்பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முதல் அலையில் கண்ணை மூடினார். அடுத்த அலையில் உதட்டைக் கடித்தார். அதற்கடுத்தது படகைத் தூக்கிப் பொத்தென்று போட்டபோது “அம்மா!” என்று கத்திக்கொண்டே மண்டி போட்டு விழுந்தார்.

“என்ன மாமா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று சிரித்த மச்சினன், அவர் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு ஓடி வந்தான்.

“வாயுப் பிடிப்புன்னீங்க?”

“தட்டு விலகியிருக்குதாம்.”

“அப்புறம் எதுக்கு மாமா நீலம்? வெள்ளை பூ மாதிரி போச்சே!”

“உன் மூஞ்சியப் பார்த்தேனேடா.”

மச்சினனுக்கு வந்ததே கோபம்! “அறிவிருக்கா உங்களுக்கு? நான் வாந்தி எடுத்தா வாயைக் கொப்பளிச்சிட்டு அடுத்த தூண்டிலைப் போடுவேன். உங்க முதுகு போனா எதை வச்சுக் கொப்பளிக்கிறது? வாங்க, மொதல்ல அக்காகிட்ட சொல்றேன்.”

“வேண்டாம்டா. கரையில உக்கார வச்சிடாதீங்கடா.” அந்தக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

மச்சினன் போய் எஞ்சினைக் கிளப்பினான். படகை மெல்லத் திருப்பி, மாட்டுவண்டி வேகத்தில் கரைக்குக் கொண்டுவந்தான். கரை நெருங்க நெருங்க நங்கூரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. வேறு கூட்டாளி பார்த்துக்கொள்வான். அவன்மேல் தப்புச் சொல்லவும் முடியாது.

“வெள்ளையைக் குடுங்க” என்றான் மச்சினன், பட்டறைக்காரரிடம்.

பட்டறைக்காரர் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, இடுப்பிலிருந்த டேப்பை உருவினார். அவருடைய பட்டறையில் இருக்கையைக் கடைசியில்தான் அடிப்பார்கள், அதுவும் ஓட்டுகிறவரின் முழங்கால் உயரம் பார்த்து. “உக்காருங்க தம்பி” என்றார்.

மச்சினன் உட்காரவில்லை. “என்னை இல்ல. அவரை அளங்க.”

நங்கூரம் விழித்தார்.

“என்ன பார்க்குறீங்க? அலை வர்றது ஓட்டுறவனுக்குத்தான் முன்னாடியே தெரியும். முதுகைச் சுதாரிச்சுக்கலாம். எவ்வளவு மெதுவா வேணும்னாலும் ஓட்டுங்க. மத்தவன் முந்தினா முந்திட்டுப் போறான். அக்காவையும் கூட்டிக்கிட்டு அந்த டாக்டரையே போய்க் கேப்போம். அவ திட்டுறதுல பாதி எனக்கு.” பட்டறைக்காரர் பக்கம் திரும்பினான். “அண்ணே, மெத்தை நல்லா தடிமனா இருக்கட்டும்.”

நங்கூரம் மரப்பெட்டியில் உட்கார்ந்தார். பட்டறைக்காரர் தரையில் குந்தி, டேப்பை அவர் குதிகாலில் வைத்து முழங்கால் வரை இழுத்தார். கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“கொஞ்சம் அசையாம வைங்க. அளவு நிக்க மாட்டேங்குது.”

வைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மச்சினன் வந்து பக்கத்தில் குந்தி, அந்த முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“இப்ப அளங்க” என்றான்.